சூடு ஆறட்டும்

ஜோகூர் பாருவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், கீழ்வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. மீ என்கிற நூடுல்ஸ் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவனுக்கு இடது கை துவண்டு, கரண்டி நழுவியது. சற்று நேரத்தில் கை சரியானதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நாள் அழுது ஓய்ந்ததும் பேச்சுக் குழறியது. ஸ்கேன் எடுத்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது: மோயாமோயா.

1957இல் ஜப்பானில் தாகேயுச்சியும் ஷிமிசுவும் முதலில் விவரித்த அரிய நோய் இது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி, மண்டைக்குள் கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும். ரத்தம் போதாத மூளை பக்கத்தில் நூல் நூலாகப் புது நாளங்களை வளர்த்துக்கொள்ளும். ஆஞ்சியோகிராமில் அவை புகைமூட்டமாகத் தெரிவதை வைத்து 1969இல் சுசுகியும் தகாகுவும் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். கிழக்காசியரிடம்தான் அதிகம், இந்தியாவிலும் இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் இதற்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

விஷயம் கசிந்ததும் ஆளுக்கொரு பத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். கூலாயிலிருந்து வந்த மாமா, எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொன்னார். இந்த அடைப்புக்குக் கொழுப்புப் படிவு காரணமில்லை; தமனிச் சுவரே உள்ளுக்குள் தடித்துப்போகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருப்பதால் கீரையே ஆகாது என்றார் இன்னொருவர். அந்தக் கவலை வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு. பையனுக்குக் கொடுத்திருப்பது ஆஸ்பிரின். பாட்டிக்கு வல்லாரைமேல்தான் நம்பிக்கை. இங்கே அதைப் பெகாகா என்பார்கள், பசாரில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். சுருங்கிய தமனியை விரிக்கிற உணவு எதுவும் இதுவரை இல்லை. இதைச் சொன்னால் உறவுக்காரர்களுக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

என்ன சாப்பிடுகிறான் என்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறான் என்பதுதான் இவனுக்கு முக்கியம். வேகவேகமாக ஊதும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும். குறைந்தால் மூளையின் நாளங்கள் சுருங்கும். நமக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே அரைப்பட்டினியில் இருக்கும் இவன் மூளைக்கு அது பெரிய நட்டம். ஆகவே மீ ஆறிய பிறகுதான் கிண்ணம் அவன் கைக்குப் போகும். பிறந்தநாள் பலூனை அப்பா ஊதுகிறார். பள்ளியில் ரெக்கார்டர் வாசிப்பதிலிருந்து விலக்கு வாங்கியாயிற்று. விம்மி விம்மி அழ விடக்கூடாது என்பதால் தங்கச்சிக்குத்தான் கஷ்டம். சண்டையில் எப்போதும் அவளே தோற்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். ஜோகூர் வெயிலில் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க மறந்தாலும், வாந்தி பேதி வந்தாலும், ரத்தஓட்டம் குறைந்து பக்கவாதம் வரலாம். மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பார்க்கிற வயிற்றுப்போக்குக்கு இவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காய்ச்சல் என்றால் இன்னும் சிக்கல். இந்த ஊரில் காய்ச்சல் என்றதும் டெங்கியாக இருக்குமோ என்றுதான் முதலில் பயப்படுவார்கள். டெங்கியில் ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். அதைத் தாமாக நிறுத்துவதும் இவனுக்கு ஆபத்து. கிளினிக்கில் நுழைந்ததும் அம்மா சொல்லும் முதல் வாக்கியமே, "டாக்டர், இவன் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுறான்" என்பதுதான்.

மாத்திரை ரத்தக்கட்டைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். நிரந்தர வழி அறுவை சிகிச்சை. காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் துடிக்குமே ஒரு தமனி, அதை மூளைத் தமனியின் கிளையோடு நேரடியாக இணைப்பது ஒரு முறை. 1967இல் ஜூரிக்கில் யாசர்கில் தொடங்கிவைத்த வித்தை அது. தலைமுடியைவிட மெல்லிய நூலில் நுண்ணோக்கி வழியாகத் தையல் போடுவார்கள். பிள்ளைகளின் நாளங்கள் மிகச் சிறியவை என்பதால், பெரும்பாலும் அந்தத் தமனியை மூளையின் மேற்பரப்பில் படுக்கவைத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அதிலிருந்தே புது நாளங்கள் மூளைக்குள் இறங்கும்.

இவனுக்கு வலப்பக்கம் முடிந்துவிட்டது. இடப்பக்கம் பள்ளி விடுமுறையில். பாட்டி வல்லாரைச் சட்டினியை விடுவதாக இல்லை. கடைசியில் மருத்துவரிடமே கேட்டுவிட்டார்கள். சோற்றோடு தொட்டுக்கொள்ளலாம், லேகியம் மாத்திரை என்று எதுவும் வேண்டாம் என்றாராம். பாட்டிக்கு அதுவே போதும்.