ஒரே சிலேட்டு

தமிழில் 'கோ' என்றால் அரசன். கணினித் துறையிலும் 'கோ' என்றொரு நிரல்மொழி உண்டு. ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவரும் 2007ஆம் ஆண்டு கூகிள் நிறுவனத்தில் வடிக்கத் தொடங்கியது. 2012இல் முதற் பதிப்பு வெளிவந்தபோது, அன்று எழுதிய நிரல் பிற்காலப் பதிப்புகளிலும் பழுதின்றி இயங்கும் என அதனை ஆக்கியோர் வாக்களித்தனர்.

ஆயினும் அம்மொழியின் சுழற்சிக் கட்டளையில் ஒரு குறை இருந்தது. ஆசிரியர் ஒருவர் ஒரே சிலேட்டில் மாணவர் பெயர்களை ஒவ்வொன்றாய் எழுதி, அழித்து, மீண்டும் எழுதிச் செல்கிறார் எனக் கொள்வோம். 'உன் பெயர் இதில் இருக்கிறது. பிறகு வந்து பார்' என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். பின்னர் வந்து பார்க்கும் அத்தனை பேர் கண்ணிலும் படுவது கடைசி மாணவனின் பெயரே! கோ மொழியின் சுழல்மாறி அந்தச் சிலேட்டைப் போன்றது. உடனே படித்தால் பிழையில்லை. இடத்தை மட்டும் குறித்துவைத்துப் பின்னர் படித்தால் வந்தது வினை. 2020இல், இணையத்தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பே இப்பிழையில் சிக்க, 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் ஐயத்திற்குள்ளாயின. தேர்ந்தவரும் தடுக்கி விழுந்த இடத்தைக் கற்பவனின் கவனக்குறைவு என்று எங்ஙனம் கூறுவது?

திருத்தினால் வாக்குத் தவறும். விட்டால் பிழை பெருகும். 2024 பிப்ரவரியில் வந்த 1.22ஆம் பதிப்பு, சுற்றுக்கொரு புதிய சிலேட்டைக் கொடுத்தது. ஆனால், நிரல்தொகுதியின் 'கோ.மாட்' கோப்பில் உள்ள ஒரு வரி 1.22 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பைக் குறித்தால் மட்டுமே இப்புதிய முறை செல்லும். ஏனைய பழைய நிரல்கள் பழைய பொருளிலேயே இயங்குகின்றன. அவ்வரியை மாற்றும் நாளில் நிரலாளர் தம் நிரல் முழுவதையும் மீண்டும் சோதித்தாக வேண்டும்.