காரணம் பிறகு வந்தது

விமானப்படைத் தேர்வு வாரியத்தின் முன்னால் போய் உட்காருகிற எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: ஏன் இந்த வேலைக்கு வருகிறாய்? நாட்டுக்குச் சேவை, சாகசம், சீருடை என்று பதில்கள் வரிசையாக வரும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகியவை. மைசூரில் என்னைக் கேட்டபோது, "காசு கட்டிப் பறக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை சார்" என்றேன். உண்மை அதுதான். சென்னை மீனம்பாக்கத்தில் ஃப்ளையிங் கிளப் இருந்தது. மணிக்கணக்குப் பார்த்துக் கட்டணம். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அப்பாவிடம் போய் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. படையில் சேர்ந்தால் விமானமும் கொடுத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள். பட்டாளத்துக்கு நான் போனதற்கு முதல் காரணம் இவ்வளவு சாதாரணமானது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பறக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பல நாள் யோசித்திருக்கிறேன். 1930களின் இறுதியிலேயே கொழும்புக்குப் போகும் டாட்டா விமானங்கள் திருச்சியில் இறங்கிப் போயிருக்கின்றன. ஆனால் என் பள்ளி நாட்களில் புதுக்கோட்டை ரோட்டு விமான நிலையம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தது. விமானத்தைப் பார்த்து வந்த ஆசை என்று சொல்ல முடியாது. பட்டறையிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா காலையில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயிலேறிக் காவிரியைத் தாண்டிப் பொன்மலைக்குப் போவார். தென்னிந்திய ரயில்வே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்த பட்டறை அது. நீலகிரி மலை ரயிலின் நீராவி இன்ஜின்கள் பழுதுபார்க்க அங்கேதான் வரும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் விமானங்களையும் அங்கே சரிசெய்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மேஸ்திரிகள் சொன்ன கதைகளை அப்பா வீட்டில் வந்து சொல்வார். இன்ஜின் உறையைத் திறந்ததும் முதலில் கையை வைக்காமல் எப்படிச் சுற்றிப் பார்ப்பார்கள், எண்ணெய் கசிந்த தடத்தை வைத்து எந்த நட்டு தளர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்றெல்லாம். "மெஷினுக்குக் காது கொடுக்கணும் தம்பி. அது சொல்லிக்கிட்டேதான் இருக்கும்" என்பார். அம்மாவுக்குப் பட்டாளம் என்ற சொல்லே பிடிக்கவில்லை. "இருக்கிற ஒரு புள்ளையையும் அனுப்பிட்டு நான் வாசல்ல உக்காந்திருக்கவா?" என்று கேட்டார். அப்பாதான் கையெழுத்துப் போட்டார்.

ஆசை இருந்தால் போதாது என்பதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. நான் படித்த செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில் எனக்கு முந்தைய தலைமுறையில் இயற்பியல் படித்தவர் அப்துல் கலாம். அங்கிருந்து சென்னை எம்.ஐ.டி. போய் விமானப் பொறியியல் முடித்துவிட்டு, விமானியாகும் கனவோடு டேராடூன் தேர்வுக்குப் போனார். வந்த 25 பேரில் அவருக்கு 9-வது இடம். எடுத்துக்கொண்டது 8 பேரை. 2006 ஜூன் 8 அன்று புனே லோகேகான் தளத்தில், குடியரசுத் தலைவராக, 74 வயதில் சுகோய்-30 விமானத்தில் பறந்தார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த ஒரு இடத்தின் அருமை தேர்வுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அதே கல்லூரியில் அதே காலத்தில் படித்த எங்கள் ஸ்ரீரங்கத்து எழுத்தாளர் சுஜாதாவும் சில காலம் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலராக இருந்தவர்தான்.

என் காலத்தில் விமானிக்கான திறன் தேர்வை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுத முடிந்தது. திரையில் ஓடும் ஒரு புள்ளியை ஸ்டிக்காலும் பெடலாலும் கட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். நடுவில் விளக்கு எரியும், சத்தம் வரும், அதற்கும் கை பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பயிற்சி மையங்கள் வந்துவிட்டன என்று கேள்விப்படுகிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நன்றாகத் தூங்கிவிட்டுப் போவதே மேல்.

அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு ஹக்கிம்பேட்டில் ஹெலிகாப்டர் பிரிவு. ஓட்டியது சேத்தக். அங்கேதான் இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அந்தரத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் பாடம். இடது கையில் கலெக்டிவ், அது ஏற்றும் இறக்கும். வலது கையில் சைக்ளிக், அது முன்பின், பக்கவாட்டு. காலில் பெடல். கலெக்டிவை இம்மி உயர்த்தினால் மூக்கு இடப்பக்கம் போகும். உடனே வலது பெடலை அழுத்த வேண்டும். அழுத்தினால் உயரம் மாறும், வண்டி பக்கவாட்டில் நகரும். அதைப் பிடிக்கப் போனால் மறுபடி மூக்கு. புதிதாக வருபவன் ஸ்டிக்கைத் தயிர் கடைகிற மத்துபோல ஆட்டிக்கொண்டே இருப்பான். கையில் கொடுத்ததை இயந்திரம் ஒரு கணம் தாமதித்துத்தான் காட்டும். அதற்குள் அவன் இன்னொன்றைக் கொடுத்திருப்பான்.

என் பயிற்றுநர் என் முழங்கையைத் தொடையின் மேல் இறக்கி வைத்தார். இரண்டு விரலால் மட்டும் பிடி, கீழே தரையைப் பார்க்காதே, தூரத்து மரத்தைப் பார் என்றார். சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் கை தானாகவே, வண்டி நகருவதற்கு முன்னால் திருத்தத் தொடங்கியது. இருக்கையின் வழியாக முதுகுக்கு ஏதோ சேதி வருகிறது, விரல் பதில் சொல்கிறது, மரம் அங்கேயே நிற்கிறது. மெஷினுக்குக் காது கொடுப்பது என்று அப்பா சொன்னது அன்று என் உடம்புக்குள் வந்து சேர்ந்தது. சம்பளத்துக்காகச் சேர்ந்தவன், அன்று முதல் சம்பளம் இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

சேவை என்ற காரணம் இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. சியாச்சினில்.

1984 ஏப்ரல் 13-இல் ஆபரேஷன் மேகதூத் தொடங்கியதிலிருந்து அந்தப் பனியாற்றின் மேல் சாவடிகளுக்கு ஹெலிகாப்டர்தான் உயிர்நாடி. உயரமான சாவடிகளுக்குச் சீட்டா போகும். சேத்தக்கின் இன்ஜின், எடை குறைந்த உடம்பு. ஆறாயிரம் மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். ரோட்டர் பிடித்துத் தொங்கவே காற்று போதாது. அதனால் அங்கே பறப்பது முக்கால்வாசி கணக்குதான். போக, வர, கொஞ்சம் கையிருப்புக்கு என்று எரிபொருளை அளந்து போடுவோம். ஒரு கிலோ எரிபொருளைக் குறைத்தால் ஒரு கிலோ மண்ணெண்ணெய் கூடுதலாக மேலே போகும். வெயில் ஏறி வெப்பநிலை நாலைந்து டிகிரி கூடினால் சுமையை இறக்க வேண்டும். அதனால்தான் விடியும்போதே கிளம்புவது. சில சாவடிகளுக்கு ஓரிரு ஜெரிகேன்தான் கொண்டுபோக முடியும். இறங்குகிற இடம் நாலு பேர் மிதித்துத் தட்டிய பனித்திட்டு. முழு எடையையும் வைக்காமல், பவரைக் குறைக்காமல், தொட்டபடி நிற்போம். ஜவான்கள் குனிந்து ஓடி வந்து கேனை இழுப்பார்கள்.

ஒருநாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்ட ஒரு ஜவானைத் தூக்கி வந்தோம். அந்த நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். உதடு நீலமாக இருந்தது. பள்ளத்தாக்கில் இறங்க இறங்க அவன் மூச்சு மாறுவதைத் துணை விமானி திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பேஸ் கேம்பில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியபோது கண் திறந்திருந்தான். வாரக்கணக்கில் நடந்து ஏறிய இடத்திலிருந்து சில நிமிடங்களில் அவனை இறக்க என் கையில் ஒரு தொழில் இருந்தது. அதற்குப் பிறகு எரிபொருள் கணக்குப் போடும்போதெல்லாம் அந்த நீல உதடு நினைவில் இருக்கும். ஒரு கிலோவும் தோராயமாகப் போட மனம் வராது. 2016 பிப்ரவரியில் சியாச்சினின் சோனம் சாவடியில் பனிச்சரிவு மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேரைப் புதைத்தபோது நான் ஓய்வுபெற்று ஊரில் இருந்தேன். பல இரவுகள் தூங்கவில்லை.

இப்போது பையன்களும் பெண்களும் என்னைத் தேடி வருகிறார்கள். தஞ்சாவூர்த் தளத்துக்கு 2020-இல் சுகோய் அணி வந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்டு வளர்கிற பிள்ளைகள். 2016-இல் பெண்கள் போர் விமானிகளானார்கள். 2022-இல் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) கதவும் பெண்களுக்குத் திறந்தது. வருகிறவர்களிடம் முதலில் கண் டாக்டரிடம் போகச் சொல்வேன். உயரம் 162.5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், காலின் நீளமும் உட்கார்ந்த உயரமும் அளப்பார்கள் என்று சொல்வேன். ஆசையை வருஷக்கணக்கில் வளர்த்துக்கொண்டு அளவுநாடாவில் தோற்பது கொடுமை. தேசபக்தி பற்றி நான் கேட்பதில்லை. அது வேலைக்குள் இருக்கிறது, வேலையை நேசித்தால் கிடைக்கும். என்ன மெஷினைத் தொட்டிருக்கிறாய் என்று மட்டும் கேட்பேன்.

போன மாதம் திருவானைக்காவலிலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.எஸ்சி. கடைசி வருஷம். அதே கேள்வியைக் கேட்டேன். "அப்பா மோட்டார் காயில் கட்டுறவர் சார். நானும் கட்டுவேன். போன வாரம் ஒரு பம்புசெட் மோட்டாரை நானே முடிச்சேன்" என்றாள். சத்தத்தை வைத்து எந்தக் கோளாறு என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். பேரிங் போனால் எப்படிக் கத்தும், காயில் சூடானால் எப்படி முனகும் என்று இரண்டையும் வாயாலேயே செய்து காட்டினாள். விண்ணப்பத்துக்கு எப்போது கடைசி நாள் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.