லோட்டஸ் விட்டுப்போன முன்குறி

ஒரு கணினியில் ஒழுங்காக ஓடிய எக்செல் மேக்ரோ பக்கத்து மேசையில் தகராறு செய்தால், சந்தேகம் கோப்பின் மீதோ நிரலின் மீதோதான் விழுகிறது. ஆப்ஷன்ஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியின் அடிக்கோடியில் ‘டிரான்சிஷன் நேவிகேஷன் கீஸ்’ என்றொரு டிக் பெட்டி இருப்பது பலர் கண்ணிலும் படுவதில்லை. அதில் டிக் இருந்தால் ஹோம் விசை வரிசையின் தொடக்கத்துக்குப் போகாமல் ஏ1-க்குத் தாவும்; டேப் ஒரு திரை தூரம் வலப்பக்கம் தள்ளும். விசைகளைத் தட்டுவதுபோல் எழுதிய மேக்ரோ, நாற்பதாவது வரிசைக்குரிய தொகையைத் தலைப்பின் மேலேயே எழுதிவிடும். பிழைச் செய்தியும் வராது.

1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3-இல் பழகிய விரல்களுக்காக மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடு இது. லோட்டஸில் மேக்ரோ என்றாலே விசைகளின் வரிசைதான். அதைச் சாதாரண செல்களிலேயே தட்டி வைப்பார்கள். ஆனால் கட்டளையின் முதல் விசையான சாய்கோட்டைத் தட்டினால் மெனு திறந்துகொள்ளும். அதனால் கட்டளைக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போட்டாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் வருவது வெறும் எழுத்து என்று மென்பொருள் புரிந்துகொள்ளும். எழுத்துள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இப்படியொரு முன்குறி உண்டு. ஒற்றை மேற்கோள் எழுத்தை இடப்பக்கம் ஒதுக்கும், இரட்டை மேற்கோள் வலப்பக்கம், கூரைக் குறி நடுவில். பின்சாய்கோட்டுக்குப் பின் சிறுகோடு ஒன்று தட்டினால் செல் முழுக்கக் கோடு நிரம்பும். கூட்டுத்தொகைக்கு மேல் கோடு இழுக்க அது போதும். ஒரே குறியில் இவ்வளவையும் அடக்கிய அந்தச் சிக்கனம் இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது.

டிக் விழுந்ததும் எக்செல் இந்தக் குறிகளை மறுபடி காட்டத் தொடங்கும். வழக்கமாக, மேற்கோள் போட்டுத் தட்டிய செல்லில் மட்டும்தான், மேக்ரோ முன்குறியைப் படிக்கப் பயன்படுத்தும் ‘பிரிஃபிக்ஸ் கேரக்டர்’ என்ற பண்பு அதைத் திருப்பித் தரும், மற்றவற்றில் வெறுமைதான். டிக் இருந்தாலோ இடப்பக்கம் ஒதுங்கிய பெயர், தலைப்பு எல்லாவற்றுக்கும் மேற்கோள் வந்துவிடும். எண்போல் தெரியும் எழுத்துகளை மேற்கோளை வைத்துத் தேடும் மேக்ரோவுக்கு, பெயர்ப் பட்டியல் முழுவதுமே குற்றவாளியாகிவிடுகிறது.

இந்த அமைப்பு கோப்போடு போவதில்லை; அந்தந்தப் பயனரின் எக்செலிலேயே தங்கிவிடுகிறது. கண்டுபிடிப்பது எளிது: சாதாரணப் பெயர் உள்ள செல்லைச் சொடுக்கி, ஃபார்முலா பட்டையில் பெயருக்கு முன் மேற்கோள் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். என்டர் தட்டியதும் கீழே போவதா வலப்பக்கம் போவதா என்பதும் இப்படிப் பயனருக்குப் பயனர் மாறக்கூடியதுதான். ஆகவே விசைகளை நம்பாமல், எழுத வேண்டிய செல்லின் முகவரியை நேரடியாகக் கொடுப்பதே உறுதியான வழி. முன்குறியைப் படித்தே ஆக வேண்டுமென்றால், மேக்ரோ தொடங்கும்போது பயனரின் அமைப்பைக் குறித்துக்கொண்டு டிக்கை எடுத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும், நடுவில் பிழை வந்து நின்றாலும்கூட, அதைப் பழையபடி வைத்துவிட வேண்டும்.