கெட்டியாப் பிடிக்காதே!

"எந்த ஊர்?" என்று கேட்பவர்களிடம் சூளூர்பேட்டை என்பேன். முழிப்பார்கள். "ஸ்ரீஹரிகோட்டா பக்கம்" என்றால் போதும், "ஓ, ராக்கெட் ஊரா!" :-)

ராக்கெட் எங்கள் ஊரிலிருந்து போவதில்லைங்க. பழவேற்காடு ஏரி நடுவே போகும் ரோட்டைப் பிடித்துத் தீவுக்குப் போகணும். சின்ன வயதில் மொட்டைமாடியிலிருந்து புகைக்கோட்டைப் பார்த்ததோடு சரி. சிவில் படித்து சிங்கப்பூர் வந்த பிறகுதான் உறைத்தது, அதுவும் கிரேன் வேலைதான் என்று. ஒவ்வொரு பாகமாகத் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். 2005 மே 5-ல் முதல் ராக்கெட்டை அனுப்பிய இரண்டாவது ஏவுதளத்தில், இதற்கென்றே தனிக் கட்டடம். உள்ளேயே அடுக்கி, தண்டவாளத்தில் நகர்த்திப் போவார்கள். அடுக்கும்போது வெளிக்காற்று படாது.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. திறந்தவெளி சைட். அதனால்தான் தூக்கும் பொருளின் ஓரத்தில் ஒரு கயிறு கட்டி, கீழே ஆள் பிடித்துக்கொள்வது. 'டேக் லைன்' என்போம். பொருள் சுற்றாமல் இருக்க அவ்வளவுதான். எடையைத் தாங்குவது ஸ்லிங்கும் கிரேனும்.

2004-ல் ஒரு சைட்டில், 12 சதுர மீட்டர் ஷட்டரிங் பேனலைத் தூக்கினோம். திடீரென்று காற்று. பேனல் திரும்ப ஆரம்பித்தது. கயிற்றைப் பிடித்திருந்தது அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். நான்தான் கத்தினேன்: "தம்பி, கெட்டியாப் பிடி!"

சொன்னதைச் செய்தான். கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். அடுத்த நொடி இழுத்த இழுப்பில் இரண்டு விரல் போய்விட்டது.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ அழுத்தும். 12 சதுர மீட்டருக்கு 75 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. அதோடு பேனல் ஆட ஆரம்பித்துவிட்டால் எந்த மனிதக் கையும் நிறுத்தாது. இந்தக் கணக்கைத் தூக்குவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டியவன் நான்.

அதற்கப்புறம் என் சைட்டில் சில பழக்கங்கள். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ கைப்பிடிக் கம்பியிலோ சுற்றக்கூடாது. நுனியில் முடிச்சு கூடாது, எங்காவது மாட்டி இழுக்கும். மிச்சக் கயிறு காலைச் சுற்றிக் கிடக்கக்கூடாது. பொருள் விழுந்தாலும் மேலே படாத தூரத்தில் நிற்கும் அளவுக்குக் கயிறு நீளம் வேணும். கையுறை கட்டாயம். காற்று கூடினால் தூக்குவதே இல்லை, ஷெட்யூல் என்ன ஆனாலும்.

இங்கே 2011-ல் வந்த கிரேன் விதிகள்படி லிஃப்டிங் பிளான், சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் எல்லாம் வேணும். நல்லதுதான். ஆனால் கையில் கயிறு சுற்றுவதைக் காகிதம் வந்து தடுக்காது, பக்கத்தில் நிற்பவன்தான் தடுக்கணும்.

இன்று காலை புதுசாக வந்த பையன் ஒருவன் அதேபோல் சுற்றினான். கிரேனை நிறுத்தச் சொல்லி, கிட்டே போய் நானே அவிழ்த்துவிட்டேன்.

"விட்டுட்டா சார் திட்டுவீங்கன்னு..." என்றான்.

"திட்ட மாட்டேன். இழுத்தா விட்டுடு, ஓடிடு. பேனல் போனா வேற செஞ்சுக்கலாம்."

தலையாட்டினான். மதியம் மறுபடி தூக்கும்போது என் கண் பேனல் மேல் இல்லை, அவன் கைமேல்தான்.