மண்ணைக் கேட்ட பிறகு

மேடவாக்கம் சாலையோர நர்சரி. புரட்டாசி வெயில் பச்சை வலையில் வடிந்து கன்றுகள் மேல் விழுகிறது. நர்சரிக்கார அம்மா ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, கறுப்புப் பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்கூட்டரில் வந்த இளம் தம்பதி இரண்டு பப்பாளியையும் ஒரு முருங்கையையும் தனியே எடுத்து வைத்து விலை கேட்கிறார்கள். விலை வரவில்லை. கேள்விதான் வருகிறது.

"வீடு எங்கம்மா?"

"பள்ளிக்கரணை. சதுப்பு நிலத்துக்குப் பின்னாடி."

"மழை விட்டா தண்ணி எத்தனை நாள் நிக்கும்?"

"நாலஞ்சு நாள் நிக்குங்க."

ஸ்கூட்டரின் மட்கார்டில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி எடுக்கிறார். ஹோஸ் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறார். மண் திரியாக நீள்கிறது. வளைத்துப் பார்க்கிறார், உடையவில்லை.

"சுத்தக் களி. பப்பாளி ரெண்டு நாள் தண்ணியில நின்னாலே வேர் அழுகிடும். முருங்கையும் தாங்காது. வேருக்குக் காத்து வேணாமா?"

சொல்லிக்கொண்டே மூன்றையும் பழைய இடத்தில் வைத்துவிடுகிறார். கைக்கு வந்த விற்பனையை இப்படித் திருப்பி வைக்க மனது வேண்டும். 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலம் முன்பு பல மடங்கு பரந்து கிடந்தது. அதன் மடியில் வீடு கட்டியது நாம். தண்ணீர் நிற்பது மண்ணின் குற்றமில்லை.

கல்வாழை, சேம்பு, ஒரு தூர் வெட்டிவேர் என்று எடுத்துத் தருகிறார். அந்தப் பெண்ணின் கண் மல்லிகையிலேயே இருக்கிறது.

"வைக்கலாம்மா, தரையில வேணாம். ஒன்றரை அடி மேடு கட்டி, செம்மண்ணு, மணல், எரு கலந்து வைங்க."

வண்டலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கல்வாழைப் பூவைக் காட்டி, "எனக்கும் இதுவே கொடும்மா" என்கிறார். அவர் வீடு பாறை மேட்டில். ஊற்றிய தண்ணீர் உடனே காணாமல் போகுமாம்.

"அய்யா, அப்ப இதுக்குத் தினமும் நீங்க குடம் தூக்கணும். காகிதப்பூ எடுத்துக்கோங்க. அரளியும் நல்லா வரும். வீட்ல சின்னப் பிள்ளைங்க உண்டா?"

"பேரன் இருக்கான்."

"அப்ப அரளி வேணாம். செடி பூராவும் விஷம். சீதா வைங்க, பேரனும் சாப்பிடுவான்."

ஸ்கூட்டரில் ஏறப்போன பெண் திரும்பி வருகிறாள். "பின்பக்கம் கொஞ்சம் மேடா இருக்கு. அங்க பப்பாளி வருமா?"

"ஒரு அடிக்குக் குழி தோண்டித் தண்ணி ரொப்புங்க. வடிஞ்சதும் திரும்ப ஒருவாட்டி ரொப்புங்க. மறுநாள் காலையில குழி காலியா இருந்தா வாங்க, தர்றேன்."

முருங்கைக்கும் அதே கணக்கா என்று கேட்கிறான் கணவன். அதே கணக்குத்தானாம்.