தட்டின் எடை

உப்பிலியபுரத்தில் உபாத்தியாயராயிருந்த என் தகப்பனார் ஓய்வு பெற்றபோது, மாணாக்கர்கள் அவருக்கு ஒரு தஞ்சாவூர்த் தட்டைப் பரிசளித்தார்கள். அவர் காலமான பின்பு, மகளின் கல்லூரிச் சம்பளத்தை உத்தேசித்து அதைத் திருச்சியில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன்.

கடைக்காரர் நிறுத்துப் பார்த்தார். "பித்தளைதான் அதிகம், ஸார்! வெள்ளி வெறும் தகடு" என்றார்.

வாஸ்தவந்தான். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்திலிருந்து அத்தட்டின் முறையே அதுதான். அந்த மெல்லிய தகட்டைத் தட்டித் தட்டியே தெய்வத்தின் திருமுகத்தை எழுப்புகிறார் ஆசாரி. 2007-இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. ஆனால், அந்தக் கைவேலையை நிறுக்கத் தராசு ஏது?

என் தகப்பனாரின் நாற்பது வருஷ உழைப்பும் எந்தத் தராசில் ஏறிற்று? தட்டுடன் வீடு திரும்பினேன். சம்பளத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டேன்.