ஸ்ரீரங்கம் என்னும் கப்பல்

சென்ற வருஷம் என் மைத்துனர் தம் குடும்பத்துடன் சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறிக் கடலைச் சுற்றிவிட்டு வந்தார். அன்றோடு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. கப்பலில் நீச்சல் குளம் உண்டாம்; கயிற்றைக் கட்டிக்கொண்டு செயற்கைப் பாறையில் ஏறலாமாம்; இரவில் ஆட்டமும் பாட்டும் உண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, பதினாறு பதினேழு பிராயத்துப் பிள்ளைகளுக்கென்று தனிக் கூடம் ஒன்று உண்டாம். அதற்குள் தாய் தகப்பன்மார் எட்டிப் பார்க்கவும் கூடாதாம்! இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டபோது என் பிள்ளையின் முகத்திலும் பெண்ணின் முகத்திலும் ஏற்பட்ட மலர்ச்சியை, நான் எத்தனையோ பிறந்த நாளுக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்தும் கண்டதில்லை.

பிள்ளைக்கு வயது பதினெட்டு, பெண்ணுக்குப் பதினாறு. குடும்பத்துடன் பிரயாணம் செய்கிறவர்களுக்கு இந்தப் பிராயத்துப் பிள்ளைகளைப்போல் சங்கடமானவர்கள் வேறு யாரும் இல்லை. சிறு குழந்தை என்றால் ஒரு பலூன் போதும். கிழவர்கள் என்றால் நல்ல காப்பி போதும். இவர்களோ குழந்தைகளும் அல்ல, பெரியவர்களும் அல்ல. எங்கே அழைத்துப் போனாலும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கைதிகளைப்போல் பின்னால் நடந்து வருவார்கள்.

பிள்ளைக்கு வடக்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆடி மாதக் கடைசியில் புறப்பட வேண்டும். அதற்கு முன் எல்லோருமாக ஒரு தடவை ஸ்ரீரங்கம் போய் வரவேண்டும் என்பது என் தாயாரின் ஆசை. அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. "அடுத்த தடவை யார் இருக்கிறோமோ, யார் எந்த ஊரில் இருக்கிறோமோ!" என்றாள்.

"நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள், அப்பா! நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றான் பிள்ளை.

வீடு கட்டிய நாளிலிருந்து எங்கள் வீடு தன்னைத் தானே பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆகையால் இந்த உபகாரத்தை நான் ஏற்கவில்லை. தேசப்படத்தை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தேன். மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி. வடக்குக் கிளை கொள்ளிடம். கிழக்கே கல்லணைக்கு அருகில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் நீண்டு, இரு முனையும் கூர்ந்து கிடக்கிறது ஸ்ரீரங்கத் தீவு.

"கப்பல் வேண்டும் என்றீர்களே, இதோ கப்பல்! ராஜகோபுரந்தான் பாய்மரம். இரண்டு நாள் பிரயாணம். முதல் நாள் நான் தலைவன். இரண்டாவது நாள் நீங்கள் இருவரும் தலைவர்கள். எங்கே போவது, எதில் போவது, என்ன சாப்பிடுவது எல்லாம் உங்கள் இஷ்டம். பணத்தை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். நானும் உங்கள் அம்மாவும் வாய் திறக்க மாட்டோம். ஆனால் பாட்டியைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் பொறுப்பும் உங்களுடையதுதான்" என்றேன்.

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்றோர் வாய் திறக்காத ஒரு நாள் என்பது எந்தக் கப்பலிலும் கிடைக்காத சரக்கு அல்லவா? உடன்படிக்கை நிறைவேறியது.

விடியும் நேரத்தில் ரயில் கொள்ளிடத்துப் பாலத்தின் மேல் சென்றது. கீழே பெரும்பாலும் மணல், நடுநடுவே நீர்க்கோடு. எதிரே தென்னந்தோப்புகளுக்கு மேலே ராஜகோபுரம் தெரிந்ததும் அம்மா கைகூப்பினாள். பிள்ளை கொட்டாவி விட்டான்.

முதல் நாள் என் ஆட்சி எப்படி நடந்தது என்பதை விஸ்தரிக்க விரும்பவில்லை. 156 ஏக்கர் பரப்பும் ஏழு பிராகாரங்களும் இருபத்தொரு கோபுரங்களும் உள்ள ஆலயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டவர் ஒருவரும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிள்ளை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். 236 அடி உயரமுள்ள அந்தத் தெற்கு ராஜகோபுரம், முன்னொரு காலத்தில் தொடங்கி அடிப்பகுதியோடு நின்றுபோய், பல நூறு வருஷம் 'மொட்டைக் கோபுரம்' என்றே பெயர் பெற்றிருந்தது. அகோபில மடத்து 44-வது ஜீயரின் முயற்சியால் 1987-ல்தான் பதின்மூன்று நிலைகளுடன் பூர்த்தியாயிற்று என்று சொன்னேன். ஒரு நிலையைக் கட்டுவதற்குப் பொருள் உதவியவர் இளையராஜா என்றும் சொன்னேன்.

"அத்தனை வருஷம் அரைகுறையாக நின்றதா?" என்று கேட்டான்.

"ஆமாம். அரைகுறையாக நிற்கிறதே என்று யாரும் இடித்துத் தள்ளிவிடவில்லை" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அண்ணாந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேஷராயர் மண்டபத்தில், முன்கால்களைத் தூக்கிப் பாயும் கல் குதிரைகளை விட்டுப் பெண்ணைக் கிளப்ப முடியவில்லை. குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஈட்டி பிடித்து நிற்கும் சிறு உருவங்களைக் காகிதத்தில் வரையத் தொடங்கிவிட்டாள். மொத்தத்தில் என் நாள் முழுத் தோல்வி அல்ல என்று தேற்றிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு விழித்தேன். பிள்ளைகள் இருவரையும் அறையில் காணவில்லை! மேஜைமேல் ஒரு சீட்டு இருந்தது: "மலைக்கோட்டைக்குப் போகிறோம். பாட்டிக்குப் படி ஏற முடியாது, ஆகையால் எழுப்பவில்லை. எட்டு மணிக்கு இட்டிலியுடன் வருவோம். தேட வேண்டாம். - தலைவர்கள்."

நான் டெலிபோனில் கூப்பிட்டுப் பார்த்தேன்; பதில் இல்லை. எட்டு மணி ஆயிற்று, எட்டேகாலும் ஆயிற்று. நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். அம்மாவோ ஜபமாலையை உருட்டிக்கொண்டே, "உனக்குப் பதினெட்டு வயதில் நீ சொல்லாமல் பம்பாய்க்கு ரயில் ஏறினாயே, அப்போது நான் எத்தனை தடவை நடந்திருப்பேன்?" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டரை மணிக்கு இருவரும் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்து, தெப்பக்குளத்தைச் சுற்றி, நானூற்றுக்கு மேற்பட்ட படிகளில் ஏறி, உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு வந்திருக்கிறார்கள். சுமார் 270 அடி உயரப் பாறையின் உச்சியிலிருந்து, நான் படத்தில் காட்டிய தீவைக் கண்ணாலேயே பார்த்தார்களாம்.

"அப்பா! வழியில் மகேந்திர பல்லவன் குடைந்த குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டாம். கங்கையைச் சடையில் தாங்கும் சிவனைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே உள்ள கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்றாள் பெண். ஆறுகளிடம் பிரியமுள்ள சிவபெருமான் காவிரியின் அழகைக் கண்டு மயங்கிவிடப் போகிறாரே என்று பயந்து, பார்வதி தேவி பிறந்த வீட்டை விட்டு இந்த மலைக்கே குடிவந்துவிட்டாள் என்பது அதன் கருத்து. "காவிரி பல்லவனுக்குச் சொந்தமானவள் என்று அம்பிகையே எடுத்துச் சொல்கிறாளாம். ராஜா தன் ராஜ்யத்தின் பெருமையை அம்பாள் வாயால் சொல்லிக்கொள்கிறார்!" என்று சிரித்தாள். முதல் நாள் நான் இதைச் சொல்லியிருந்தால் காதில் விழுந்திருக்குமா? தானே ஏறித் தானே கண்டதனால் அது அவளுடைய சொத்தாகிவிட்டது.

பிறகு தலைவர்கள் பேரம் பேசி ஒரு வண்டி அமர்த்தினார்கள். முதலில் மேலூரில் 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. அங்கே பாட்டிக்கு நிழலான பெஞ்சு ஒன்று இருக்கிறது என்று முன்னமே விசாரித்து வைத்திருந்தார்கள்! அடுத்தது முக்கொம்பு.

காவிரியில் நீர் நிறைந்து ஓடிற்று. அதைக் கண்டதும் பிள்ளை, "அப்பா, நான் இறங்கி நீந்தப் போகிறேன். கப்பலில் நீச்சல் குளம் உண்டே!" என்றான். உடன்படிக்கைப்படி நான் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் திறந்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. "இன்றைக்கு நான்தானே தலைவன்? பத்து நாள் கழித்து நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் பார்க்கப் போகிறீர்களா?" என்றான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல வேளையாகக் கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி! இந்த ஆற்றில் மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறதென்று எங்களுக்கே தெரியாது. ஓர் அடி முழங்கால், மறு அடி ஆள் ஆழம். குளிக்க வேண்டுமானால் அம்மா மண்டபத்துப் படித்துறையில், நாலு பேர் குளிக்கும் இடத்தில் குளி" என்றார். பிள்ளை சற்று நேரம் தண்ணீரையே பார்த்தான். பிறகு தங்கையிடம் திரும்பி, "நீச்சல் நிகழ்ச்சி ரத்து. தலைவர் உத்தரவு" என்றான். நான் தடுத்து அவன் நின்றிருந்தால் எனக்குச் சந்தோஷம் இராது. அவனாகவே ரத்து செய்தானே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அப்புறம் அணையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். கொள்ளிடம் பள்ளமான பாதை. ஆகையால் தண்ணீர் அதிலேயே இறங்கிக் கடலுக்குப் போய், தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்கக் கொள்ளிடத்தின் தலைப்பில் 1836-ல் மேலணையைக் கட்டத் தொடங்கியவர் ஆர்தர் காட்டன். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அந்த அணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்டு 22-ந் தேதி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. பிறகு புதிய கதவணை கட்டப்பட்டது. எஞ்சினீயர் படிப்புக்குப் போகிற பிள்ளை இதையெல்லாம் என்னிடம் சொன்னான், நான் கேட்டுக்கொண்டேன்.

உச்சி வேளைக்குத் திருவானைக்காவல் போய்ச் சேர்ந்தோம். நீர் ஊறும் கர்ப்பக்கிருகத்தில் ஜம்புகேசுவரரையும், அர்ச்சகர் புடவை உடுத்தி வந்து நடத்தும் உச்சிக்கால பூஜையையும் அம்மா கண்குளிரத் தரிசித்தாள். வெளியே வந்ததும் பெண், "இந்த ஊரில்தான் 1888-ல் ஸர் சி. வி. ராமன் பிறந்தார், தெரியுமா? பதினாறு வயதில் பி.ஏ. தேறினார்; பதினெட்டு வயதில் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியாயிற்று" என்றாள். அது மட்டுமா? 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்க்குண்டா' என்னும் கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடல் ஏன் இத்தனை நீலமாக இருக்கிறது என்று அவர் யோசித்தார். கையோடு கொண்டுவந்திருந்த சிறு கருவியைக்கொண்டு கப்பல் தளத்திலேயே சோதனை செய்தார். அந்த யோசனை வளர்ந்து 1928-ல் ராமன் விளைவாகவும், 1930-ல் நோபல் பரிசாகவும் முடிந்தது. கப்பலில் ஒருவர் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதிலை நான் கேட்டதில்லை.

மாலையில் கல்லணை. கரிகாலன் பெயரை இன்றும் சொல்லி நிற்கும் அந்த அணை 1080 அடி நீளம் உள்ளது. மணல் ஆற்றில் அஸ்திவாரம் போடும் வித்தையை ஆங்கிலேய எஞ்சினீயர்கள் இங்கேதான் கற்றுக்கொண்டார்கள். மதகுகளின் வழியே நீர் நுரைத்துப் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, திடீரென்று பேச ஆரம்பித்தாள்.

1930 ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள் அல்லவா? தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக அவர்கள் போனபோது, தொண்டர்களுக்கு அன்னமிடக் கூடாது என்று ஜில்லா கலெக்டர் தடை போட்டார். ஜனங்கள் சாதப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். என் அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. ராத்திரி வீட்டில் சொல்லாமல் போய், புளியமரத்தில் ஏறிப் பொட்டலம் கட்டிவிட்டு வந்தாராம். தாத்தா மறுநாள் அடிக்கக் கை ஓங்கினாராம்; அப்புறம் அடிக்கவில்லையாம்" என்றாள் அம்மா.

இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. பிள்ளை பாட்டியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "ஏன் பாட்டி அடிக்கவில்லை?" என்று கேட்டான்.

"பையன் பெரியவனாகிவிட்டான் என்று தெரிந்துகொண்டிருப்பார்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே.

அன்றிரவு கணக்கை ஒப்படைத்தார்கள். நான் கொடுத்ததில் நாற்பது ரூபாய் மீதி இருந்தது. அந்த நாற்பதுக்கும் பாட்டிக்கு ஒரு சீப்புப் பூவன் பழம் வாங்கியிருந்தார்கள். திரும்பும் ரயில் கொள்ளிடத்தைக் கடந்தபோது, இருளில் ராஜகோபுரத்தின் விளக்குகள் வெகுதூரம் தெரிந்தன. இந்தத் தடவை கடைசி வரையில் பார்த்துக்கொண்டிருந்தவன் என் பிள்ளை.

இப்போது அவன் வடக்கே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் டெலிபோனில் முதலில் பாட்டியைத்தான் கூப்பிடுகிறான். உங்கள் வீட்டிலும் இந்தப் பிராயத்துப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு வேடிக்கை காட்ட வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். ஒரு நாளையும், கொஞ்சம் பணத்தையும், வீட்டில் வயதான ஒருவரையும் அவர்கள் கையில் ஒப்புவித்துப் பாருங்கள். நாம் வாய் திறக்காமல் இருப்பதுதான் சிரமமான பகுதி. அதற்குச் சற்று அப்பியாசம் வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று மைத்துனர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தலைவர்கள் இன்னும் சொல்லவில்லை.